61 நோட்டுகளுக்கு நடுவே அப்பத்தாவின் பென்ஷன்

டிசம்பர் 31-ம் தேதி ராத்திரி, ஈரோட்டிலிருந்து அப்பத்தா போன். புத்தாண்டு வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"பக்கத்து வீட்டுல பென்ஷன் ஏறிருச்சாமா கண்ணு. எனக்குத்தான் இன்னும் வரல. போன்லயே பண்ணிரலாம்னு சொன்னயே, பண்ணிட்டயா?"

பண்ணவில்லை. அப்பாரு ரயில்வேயில் இருந்தவர். அவருக்குப் பிறகு அப்பத்தாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அது நிற்காமல் வர, நவம்பருக்குள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 'ஜீவன் பிரமாண்' ஆப்பில் முகத்தைக் காட்டினாலே போதும் என்பதால், "நீங்க பேங்க்குக்கு அலையாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மறந்துவிடக் கூடாதென்று அக்டோபரிலேயே கூகுள் கீப்பில் எழுதியும் வைத்திருந்தேன். கூடவே நான்கு டேக்: #அப்பத்தா, #பென்ஷன், #குடும்பம், #முக்கியம். அன்று ராத்திரி #முக்கியம் என்பதைத் திறந்தால், உள்ளே 61 நோட்டுகள். அதில் ஒன்று, முட்டையில்லாத கேக் செய்முறை!

வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் அப்பத்தா வீட்டில்தான் தங்கியிருந்தேன். கையில் போன், எதிரில் அப்பத்தா. உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்த வீட்டில் இருக்கும்போது '#பென்ஷன்' என்று தேட எனக்கு எப்படித் தோன்றும்?

நான் செய்த தப்பு அங்கேதான். விஷயம் எதைப் பற்றியது என்று டேக் போட்டேன். அதை எங்கே, யார் பக்கத்தில் இருக்கும்போது செய்ய முடியும் என்று போடவில்லை. டேவிட் ஆலன் 2001-ல் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' புத்தகத்தில் சொல்வது இதைத்தான்: போனில் செய்ய வேண்டியவை, வெளியே போகும்போது முடிக்க வேண்டியவை, வீட்டில் செய்பவை என்று இடத்தை வைத்து வேலைகளைப் பிரிக்கச் சொல்வார். டிப்ளமோ படிக்கும்போதே அதைப் படித்து, அடிக்கோடெல்லாம் போட்டிருக்கிறேன். என்ன பிரயோஜனம்?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து டேக்குகளைக் களையெடுத்தேன். #வங்கி, #பேங்க், #பாங்க் என்று ஒரே விஷயத்துக்கு மூன்று இருந்தன. #முக்கியம் மொத்தமாகப் போனது. எல்லாமே முக்கியம் என்றால் அந்த டேக் எதற்கு? மிஞ்சியவை ஐந்துதான்: #ஊரில், #போனில், #கடையில், #ஆபீஸில், #பதிலுக்கு. கடைசியில் இருப்பது, நம் பங்கை முடித்துவிட்டு அடுத்தவர் பதிலுக்குக் காத்திருக்கும் வேலைகளுக்கு.

ஒரு நோட்டை ஒரு ஃபோல்டரில்தான் வைக்க முடியும். டேக் என்றால் இரண்டு கூட மாட்டலாம். அப்பாவின் கண்ணாடி பவர் சீட்டில் #ஊரில், #கடையில் இரண்டும் இருக்கின்றன. பஸ் ஏறியதும் #ஊரில் என்பதை ஒருமுறை தொடுவேன். முடிந்த நோட்டிலிருந்து டேக்கைக் கழற்றிவிடுவேன். இதைச் செய்யாவிட்டால் மறுபடி 61தான்.

இன்னொன்று, டேக் மணி அடிக்காது. கடைசித் தேதி உள்ள எந்த வேலைக்கும் ரிமைண்டரும் சேர்த்து வைத்தே ஆக வேண்டும்.

அப்பத்தாவை ஜனவரியில் அப்பா பேங்க்குக்குக் கூட்டிப்போய்ச் சான்றிதழ் கொடுத்தார். விட்டுப்போன பணமும் பிறகு சேர்ந்து வந்தது. நடுவில் பிரஷர் மாத்திரைக்கு மருந்துக் கடையில் கடன் சொல்லியிருக்கிறார் என்பது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இந்த வருடம் அவருக்கு 80 முடிந்துவிட்டது. 80 தாண்டியவர்கள் அக்டோபர் 1-ம் தேதியிலிருந்தே சான்றிதழ் கொடுக்கலாம். #ஊரில் என்பதில் இப்போது முதலாவதாக இருப்பது அதுதான். இரண்டாவது, அப்பாரு போட்டோவுக்குப் புது ஃபிரேம்.