வாங்கும் கையும் பேணும் கையும்

கைவினைப் பொருள்களின்மீது நடுத்தர வர்க்கத்துக்கு அண்மைக்காலத்தில் ஏற்பட்டிருக்கும் ஈர்ப்பை நான் குறை சொல்லப்போவதில்லை. பிளாஸ்டிக் பலகையில் காய் நறுக்கிப் பழகியவர்கள், கையால் இழைத்த மரப்பலகையைத் தேடி வாங்குவது வரவேற்கத்தக்கதே. ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தப் பலகைக்கு என்ன நேர்கிறது என்று கவனித்தால், நாம் வாங்க மட்டுமே கற்றிருக்கிறோம் என்று தோன்றுகிறது. சில வீடுகளில் அது சுவரில் மாட்டப்பட்டு, விருந்தினர் பார்த்து வியக்கும் காட்சிப்பொருளாகிவிடுகிறது. வேறு சில வீடுகளில் ஓராண்டுக்குள் வெடித்துப் பரணுக்குப் போய்விடுகிறது. கைவேலைக்கு விலை கொடுத்தாகிவிட்டது, இனி நம் கைக்கு வேலையில்லை என்ற நினைப்பே இரண்டுக்கும் காரணம்.

விற்பவர்கள் இப்பலகையோடு 'பாரம்பரியம்' என்ற சொல்லையும் சேர்த்து விற்கிறார்கள். இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. தமிழ் வீடுகளில் காய் நறுக்கியது பெரும்பாலும் அரிவாள்மணையில்தான். தரையில் அமர்ந்து, மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, நிலையாக நிற்கும் அலகின்மீது காயைத் தள்ளி நறுக்கும்போது தனியாக ஒரு பலகைக்கு அங்கே இடமே இல்லை. சமையல் மேடையும் எரிவாயு அடுப்பும் வந்து, நின்றபடி சமைக்கத் தொடங்கிய பிறகு காய் கிடக்க, கத்தி அசையலாயிற்று. அப்போதுதான் கத்திக்குக் கீழே ஒரு பலகை தேவைப்பட்டது. ஆகவே வீட்டுப் பலகை நமக்கு ஒப்பீட்டளவில் புதியது.

வெட்டுப்பலகைக்கு நம்மிடம் மரபு என்று ஒன்று உண்டென்றால் அதைக் கறிக்கடையில்தான் தேட வேண்டும். அங்கே இருக்கும் கட்டை பெரும்பாலும் புளிய மரத்தின் அடிமரத்தைக் குறுக்கே அறுத்தெடுத்தது. தீபாவளி, பக்ரீத் நெருங்கும்போது இந்தக் கட்டைகள் சந்தைக்கு வரும். புளியின் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஓங்கி வெட்டினாலும் எளிதில் பிளவாது. சிலாம்பு பெயர்ந்து கறியோடு கலப்பதும் குறைவு. மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் இழைகள் நின்றவாக்கில் இருக்கும். கத்தி அவற்றை அறுக்காமல் அவற்றின் இடையே இறங்கி எழும். அதனால் கட்டையும் நெடுநாள் உழைக்கும், கத்தியும் சீக்கிரம் மழுங்காது. இன்று 'எண்ட் கிரெயின்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படும் பலகையின் தத்துவமும் இதுவே. அப்பலகையைச் செய்பவர் சிறு சிறு மரத்துண்டுகளை நிறுத்தி ஒட்டுகிறார். கறிக்கடைக்காரர் ஒரே மரத்தின் குறுக்குத் துண்டை அப்படியே வைத்துக்கொள்கிறார்.

வாங்கச் செல்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இது என்ன மரம் என்பது. 'நல்ல கெட்டி மரம் சார்' என்பது பதிலாகாது. மூங்கில் பலகையையே மரப்பலகை என்று விற்பது சாதாரணமாகிவிட்டது. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையதை மரம் என்றும் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் பகுக்கிறது. இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் மூங்கில் பலகை, மெல்லிய பட்டைகளைப் பசையிட்டு அழுத்தி ஒட்டியது. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் கத்தியின் கூரை விரைவில் மழுக்கும். தேக்கு நீரைத் தாங்கும். அதிலுள்ள மணற்சத்தாகிய சிலிகா கத்திக்கு ஆகாது. வேப்பம்பலகை நல்ல பலகைதான். ஆனால் வேப்பிலைக்குச் சொல்லும் குணங்களையெல்லாம் அதன்மேல் ஏற்றி, கிருமி அண்டவே அண்டாது என்று சொல்வதை நம்பிக் கழுவாமல் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவதாக, மரத்தின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். வைரம் பாய்ந்த பகுதி நிறம் அடர்ந்திருக்கும். வெளிறு பெரும்பாலும் வெளுத்திருக்கும், அதில் பூச்சி எளிதில் இறங்கும். நன்கு உலராத மரத்தில் செய்த பலகை, கடையில் அழகாக இருந்துவிட்டு நம் வீட்டில் வெடிக்கும். ஓரங்களிலும் ஒட்டுகளிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். கனம் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. கண்ணாடிபோல் பளபளக்கும் வார்னிஷ் பூச்சு இருந்தால் வாங்காமல் வந்துவிடலாம். நறுக்க நறுக்க அந்தப் பூச்சு செதிள் செதிளாகப் பெயர்ந்து உணவில் விழும்.

மரம் அழுக்கை உறிஞ்சும், பிளாஸ்டிக்கே சுத்தமானது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. மரப்பலகையில் இட்ட பாக்டீரியாக்கள் உள்ளே உறிஞ்சப்பட்டன. மேற்பரப்பிலிருந்து அவற்றைத் திரும்ப எடுப்பது கடினமாக இருந்தது. புதிய பிளாஸ்டிக் பலகையைச் சுத்தம் செய்வது எளிது. ஆனால் கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில், குறிப்பாகக் கோழிக் கொழுப்பு படிந்திருந்தால், கையால் கழுவி அவற்றை நீக்குவது கடினம் என்று அவர்கள் கண்டார்கள். கழுவாமல் விடுவதற்கு இது அனுமதிச் சீட்டல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பலகையானாலும் இறைச்சிக்கும் மீனுக்கும் ஒன்று, காய் கனிகளுக்கு வேறொன்று என்று வைத்துக்கொள்வதே முறை.

பேணும் முறையில் மறைபொருள் ஏதுமில்லை. மரம் நீரை ஏற்கும்போது விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம், அகலவாக்கில் அதிகம். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிய, மறுபக்கம் அப்படியே இருக்க, பலகை வளைந்துவிடும். ஆகவே இரு பக்கமும் கழுவி, துடைத்து, காற்று இரு புறமும் படும்படி நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீரில் ஊறப்போடுவதும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடுவதும், கடும் வெயிலில் காயவைப்பதும் கூடாது. வெங்காய வாடைக்குக் கல்லுப்பும் அரைமூடி எலுமிச்சையும் போதும்.

மாதம் ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தடவினால் நாளடைவில் சிக்கு வாடை வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் கலப்பற்ற லிக்விட் பாரஃபின் ஏற்றது. அதே பெயரில் மலமிளக்கியாக விற்கப்படும் பால்போன்ற கலவை வேறு. தாராளமாகப் பூசி, ஓர் இரவு ஊறவிட்டு, மிச்சத்தைக் காலையில் துணியால் துடைத்துவிடலாம். தேன்மெழுகு சேர்த்துக் காய்ச்சிய எண்ணெயும் நல்லதே. மேற்பரப்பு மிகவும் கீறலுற்றால் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி எண்ணெய் பூசினால் பலகை மீண்டும் புதிதாகும். பிளாஸ்டிக்கில் இது இவ்வளவு எளிதில் நடவாது.

இவ்வளவும் யார் செய்வது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதில்லை. பலகையை ரசித்து வாங்குகிறவர் பல வீடுகளில் கணவர். கழுவித் துடைத்து நிறுத்துகிறவர் மனைவி, அல்லது சம்பளத்துக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற பெண். அந்தப் பெண்ணிடம் பலகையின் இயல்பை எடுத்துச் சொன்னவர் எவரும் இல்லை. மற்றப் பாத்திரங்களோடு அவர் அதைத் தொட்டியில் போடுகிறார். ஒருநாள் அது வெடிக்கிறது. 'மூவாயிரம் ரூபாய்ப் பலகையைப் பாழாக்கிவிட்டாள்' என்று அவர்மேல் பழி விழுகிறது. பேச்சிலே உழைப்பின் மேன்மையைப் போற்றுகிறவர்களின் வீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கண்ணில் படாத தச்சரின் உழைப்பைக் கொண்டாடுகிறோம்; அன்றாடம் நம் வீட்டுக்குள் வந்துபோகிறவரின் உழைப்பில் ஒரு சுமையைக் கேட்காமலே கூட்டிவிடுகிறோம்.

கைவினைப் பொருளை மதிப்பது என்றால், அது கேட்கும் வேலையையும் ஏற்றுக்கொள்வது என்றே நான் பொருள் கொள்கிறேன். தச்சர் சொன்ன விலையில் பேரம் பேசாதிருப்பது அதில் பாதி. மீதிப் பாதி, வாங்கியவரே மாதம் ஒருநாள் உட்கார்ந்து எண்ணெய் பூசுவது, அன்றாடம் தாமே கழுவித் துடைத்து நிறுத்துவது. இதற்கு மனமில்லாதவர் சாதாரணப் பலகை ஒன்றை வாங்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. வீட்டில் யாருக்கும் வசவாவது மிஞ்சும். மனமுள்ளவர்கள் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி அதன்மேல் ஒரு வெங்காயத்தை நறுக்கட்டும். அதைச் செய்த தச்சர் அதற்காகத்தான் அதை இழைத்தார்.