பெரியார் பஸ்ஸும் வீட்டு டெக்காலும்

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். அவரும் நம்மள மாதிரி பொம்மை வண்டி கட்டுற கேஸ்தான். மேசை மேல பாதியில நிக்கிற பஸ்ஸைப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, இதுக்குப் போய் டெக்கால் எல்லாம் நீயே அடிக்கணுமா? ஸ்டிக்கர் ஷீட்ல பிரிண்ட் போட்டு ஒட்டிட்டுப் போ. யாரு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாங்க?"ன்னார்.

அந்த "யாரு பாக்கப் போறாங்க"தான் பத்திக்கிட்டு வருது.

கணக்குப் போடுவோம். என் பஸ் 50-ல் ஒரு பங்கு அளவு. ஸ்டிக்கர் 0.1 மி.மீ. தடிமன் இருந்தாலே, நிஜ வண்டியில 5 மி.மீ. தகடு அடிச்ச மாதிரி. பெயின்டர் எழுதின எழுத்து எங்கேயாவது அப்படித் துருத்திக்கிட்டு நிக்குமா? தண்ணியில ஊற வெச்சு நழுவ விடுற டெக்கால் படலம் அதைவிட ரொம்ப மெல்லிசு. அதுக்குத்தான் இந்தப் பாடு.

அடுத்த கோஷ்டி, "தமிழ் எழுத்து உடையும், ஆங்கிலத்துல போட்டுடு"ன்னு சொல்றவங்க. பழைய டிசைன் சாஃப்ட்வேர்ல "பெரியார்"னு அடிச்சா கொம்பு இடம் மாறி "பரெியார்"னு வரும், உண்மைதான். அதுக்காகப் பேரையே மாத்துவியா? யூனிகோட் ஒழுங்கா காட்டுற இலவச இங்க்ஸ்கேப் இருக்கு. அதுல அடிச்சு, எழுத்தைக் கோட்டுருவமா மாத்திட்டா அப்புறம் உடையாது.

நான் கட்டுறது தந்தை பெரியார் போக்குவரத்துக் கழக பஸ். 1997-ல் அரசு போக்குவரத்துக் கழகங்கள்ல இருந்து தலைவர்கள் பேரை எல்லாம் எடுத்தாங்க. நான் பொறந்ததும் ஏறக்குறைய அப்பதான். அந்தப் பேரோட ஓடின வண்டியை நான் பார்த்த ஞாபகமே இல்லை. அப்பா வானூர்லேர்ந்து திண்டிவனம் போய்ப் படிச்சது அதுலதான். அதை டெக்காலா அடிச்சு விக்க எந்த வெளிநாட்டுக் கம்பெனி வரப்போகுது? வாங்கப்போறது மொத்தம் இருபது பேர் இருப்போமா? நாம அடிச்சாத்தான் உண்டு.

அடிச்சா சரியாவும் அடிக்கணும். பழைய பஸ்ஸுக்கு விண்டோஸ்ல வர்ற லதா ஃபான்ட்ல பேர் போடுறவங்களைக் கண்டா கோபம் வருது. அது பெயின்டர் கையால எழுதினதுய்யா! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின வண்டின்னா, "சென்னை" போர்டுல "னை"க்கு யானைத் தும்பிக்கை மாதிரி சுழி இருக்கணும். (அந்தச் சீர்திருத்தத்தை 1930-கள்லேயே கேட்டவர் பெரியார். அவர் பேர் போட்ட பஸ்லேயே தும்பிக்கை "னை" இருந்திருக்கும்ங்கிறது தனி வேடிக்கை :-)) அதைப் பழைய போட்டோ வெச்சு வரைஞ்சுதான் எடுக்கணும். இணையத்துல சுட்ட 72 புள்ளிப் படத்தை அப்படியே அடிச்சா, 3 மி.மீ. எழுத்துக்கு எட்டு புள்ளிதான் கிடைக்கும். 600 புள்ளியில அடிச்சா எழுபது. வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

வீட்டு டெக்கால்ல ஓட்டையே இல்லைன்னு சொல்லலை. நம்ம பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. வெள்ளை எழுத்து வேணும்னா வெள்ளைத் தாள்ல சுத்திலும் பஸ் கலரை அடிச்சு வெட்டணும். கலர் சேராம நாலு தடவை குப்பையில போட்டேன். இங்க்ஜெட்ல அடிச்சா லாக்கர் பூசாம தண்ணியில விடக்கூடாது, மை கரைஞ்சு ஓடிடும். பஸ்ஸுக்கு முதல்ல பளபளப்பு வார்னிஷ் அடிக்கணும். சொரசொரப்பு பெயின்ட் மேல ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மின்னும். அதைப் பார்த்துட்டுத்தான் பாதிப் பேர் "வீட்டு டெக்கால்னாலே இப்படித்தான்"னு பழி போடுறாங்க. தப்பு வார்னிஷ் அடிக்காத சோம்பேறித்தனத்துல.

மரக்காணம் பக்கத்து உப்புக்காத்துல லாக்கர் அடிச்சா ஈரம் பிடிச்சு பால் மாதிரி வெளுத்துடுது. நேத்து அடிச்ச ஷீட் அப்படித்தான் போச்சு. ஞாயித்துக்கிழமை நல்ல வெயில் அடிச்சா, மத்தியானமா மொட்டை மாடியில மறுபடி அடிக்கணும். அப்பாவை வெச்சு "சென்னை" போர்டையும் ஒரு தடவை சரிபார்த்துக்கணும்.