ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்?

வாரம் ஒரு ஊசி. பசி அடங்குகிறது. உடல் இளைக்கிறது. பழைய சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. பார்ப்பவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, ஆளே பாதியாகிவிட்டீர்களே!" என்கிறார்கள்.

இதுவரை சரி. இனி என்ன? ஊசியை நிறுத்திவிடலாமா? அல்லது போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? இருக்க வேண்டும் என்றால், எத்தனை காலம்?

இளைப்பதற்கு ஊசி வந்துவிட்டது என்ற செய்தி ஊர் ஊராகப் பரவிவிட்டது. இந்த இரண்டாவது கேள்வி மட்டும் அவ்வளவாகப் பரவவில்லை. பணமும் கண்ணீரும் செலவாகப்போவது இந்தக் கேள்வியில்தான். ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பசியைப் பார்த்த ஊர்

விருதுநகர், காமராசர் பிறந்த ஊர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பசியோடு இருக்கக்கூடாது என்று 1956-ம் ஆண்டு அவர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. மழை பொய்க்கும் கரிசல் பூமி இது. சோறு இல்லையே என்பதுதான் அன்றைய கவலை.

இன்று கவலை வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேர் இருக்க வேண்டிய எடைக்கு மேல் இருக்கிறார்கள். ஆண்களில் 37 பேர். அதற்கு முந்திய கணக்கெடுப்பில் பெண்கள் 31, ஆண்கள் 28. சில ஆண்டுகளில் இத்தனை ஏற்றம்! சர்க்கரை வியாதியும் கூடவே வருகிறது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 14 பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது.

காரணம் தேட வெகு தூரம் போக வேண்டாம். பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் பலருக்கு உட்கார்ந்தே செய்யும் வேலை. ஆலைக்குப் போகப் பஸ் வந்துவிட்டது, நடை குறைந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் விருதுநகர் எண்ணெய் புரோட்டா. கொறிக்கச் சாத்தூர்ச் சேவு. விருந்தாளி வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. நம் ஊர்ப் பண்டங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

ஊசி என்ன செய்கிறது?

2025 மார்ச் மாதம் அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனி "மவுஞ்சாரோ" என்ற ஊசியை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் உள்ள மருந்து டிர்செப்படைடு. ஜூன் மாதம் டென்மார்க் நாட்டு நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் "வீகோவி" வந்தது. டிசம்பரில் அதே கம்பெனியின் "ஓசெம்பிக்" வந்தது. இந்த இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைடு. ஓசெம்பிக் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு என்று அனுமதி பெற்றது. வீகோவி உடல் இளைக்க.

நாம் சாப்பிட்டதும் நம் குடலில் ஒரு சுரப்பு ஊறுகிறது. அதற்கு ஜி.எல்.பி.-1 என்று பெயர். "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சேதி சொல்வது அது. கணையத்தைத் தட்டி இன்சுலினையும் சுரக்கச் செய்கிறது. ஆனால் அதற்கு ஆயுள் சில நிமிஷங்கள்தான். ஊசி மருந்து அதே வேலையைச் செய்கிறது. ஆனால் உடலில் பல நாட்கள் தங்குகிறது. அதனால்தான் வாரம் ஒரு முறை போட்டால் போதும். மூன்று புரோட்டா சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்துவிடுகிறார். வாயைக் கட்டியதால் அல்ல. இன்னொன்று வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்த வகை மருந்துகளில் முதலாவது எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? ஒரு விஷப் பல்லியின் எச்சிலிலிருந்து! அமெரிக்கப் பாலைவனத்தில் ஹீலா மான்ஸ்டர் என்று ஒரு பெரிய பல்லி உண்டு. அதன் விஷ எச்சிலை ஆராய்ந்த ஜான் எங் என்ற டாக்டர், குடல் சுரப்பைப் போன்ற ஒரு பொருளை அதில் கண்டார். அது 2005-ல் அமெரிக்காவில் சர்க்கரை மருந்தாக வந்தது. அதைத் தினம் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. வார ஊசி பிறகு வந்த முன்னேற்றம்.

படி ஏறி நிற்பது

எடுத்தவுடன் பெரிய அளவில் போடமாட்டார்கள். போட்டால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வந்து ஆளைப் படுக்கவைத்துவிடும். வீகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதத்துக்கு ஒரு படியாக ஏற்றி, 2.4 வரை கொண்டுபோகிறார்கள். மவுஞ்சாரோ 2.5-ல் தொடங்கி 5, 10, 15 என்று ஆளுக்குத் தகுந்தபடி நிற்கிறது. இப்படி ஏறி, ஒரு படியில் நின்று, அதையே வாராவாரம் தொடர்வதற்குத்தான் பராமரிப்பு அளவு என்று பெயர்.

பலர் இதைத் தவறாக நினைக்கிறார்கள். காய்ச்சலுக்கு ஊசி போட்டோம், காய்ச்சல் போயிற்று, கதை முடிந்தது என்பது போல எண்ணுகிறார்கள். இது அந்த ஜாதி மருந்து அல்ல. இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போன்றது. சாப்பிடும்வரை கொதிப்பு அடங்கியிருக்கும். விட்டால் மறுபடி ஏறும்.

நிறுத்திப் பார்த்தார்கள்

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். செமாக்ளூடைடு ஊசியை 68 வாரம் போட்டவர்கள், சராசரியாக 100-க்கு 15 பங்கு எடை குறைந்தார்கள். 2021-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி இது. அதன் பிறகு அவர்களில் ஒரு பகுதியினரை, ஊசி இல்லாமல் ஓர் ஆண்டு கவனித்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். சிவகாசியில் ஓர் அச்சகத்துக் கணக்குப்பிள்ளை. எடை 95 கிலோ. ஊசி போட்டு 14 கிலோ குறைந்து 81-க்கு வந்தார். நிறுத்திய மறு ஆண்டு சுமார் 9 கிலோ திரும்பிவிடுகிறது. தராசு முள் 90-ல் நிற்கிறது. இது சராசரிக் கணக்கு. சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும்.

இன்னொரு ஆராய்ச்சியில் 803 பேருக்கு 20 வாரம் இதே ஊசியைப் போட்டார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும் மருந்தைத் தொடர்ந்தார்கள். மற்றவர்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல், மருந்து இல்லாத வெறும் ஊசி. தொடர்ந்தவர்கள் மேலும் இளைத்தார்கள். வெறும் ஊசி போட்டவர்கள் பருத்தார்கள். டிர்செப்படைடிலும் இதே கதைதான்: 36 வாரத்தில் 100-க்கு 21 பங்கு எடை இறங்கியது. வெறும் ஊசிக்கு மாறியவர்களுக்கு மறுபடி 14 பங்கு ஏறியது.

வெறும் ஊசியோடு நடந்த இந்த இரண்டு ஆராய்ச்சிகளிலும் இருந்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை தொடர்ந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆகையால், "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று யாரையும் ஏசுவது நியாயம் இல்லை. உடம்பு தன் பழைய எடையை மறப்பது இல்லை. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் குறைந்த உணவில் வைத்து இளைக்கச் செய்தார்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும், பசியைத் தூண்டும் சுரப்புகள் அவர்கள் உடலில் பழைய நிலைக்கு இறங்கவில்லை. "போனதைத் திருப்பிக் கொடு" என்று உடல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஊசி இருக்கும்வரை அந்தக் குரல் காதில் விழாது.

வாரச் சம்பளம், வார ஊசி

இனி பணத்துக்கு வருவோம். மவுஞ்சாரோ வந்தபோது 5 மில்லிகிராம் புட்டி ஒன்றின் விலை 4,375 ரூபாய். ஒரு புட்டி ஒரு வாரத்துக்கு. ஆண்டுக்கு 52 வாரம். பெருக்கினால் 2,27,500 ரூபாய்! ஓசெம்பிக் 1 மில்லிகிராம் பேனா, வந்தபோது 11,175 ரூபாய். அது நான்கு வாரம் வரும். ஆண்டுக்கு 13 பேனா என்றால் 1,45,275 ரூபாய்.

பட்டாசுத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் வாரச் சம்பளம். அந்தச் சம்பளத்தில் பெரும் பகுதியை இந்த ஒரு ஊசியே விழுங்கிவிடும். அதுவும் 52 வாரமும் சம்பளம் வருகிறதா? தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில காலம் மூடிக் கிடக்கும். மழை பெய்தால் வேலை இல்லை. 2018 நவம்பரில், சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பை அடுத்து மூடிய ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. சம்பளம் நின்றால் ஊசி நிற்கும். ஊசி நின்றால் எடை ஏறும். தீபாவளிக்கு முன் இளைப்பதும் பொங்கலுக்குப் பின் பருப்பதும் யாருக்கு லாபம்?

செமாக்ளூடைடு மருந்துக்கு இந்தியாவில் இருந்த காப்புரிமை, 2026 மார்ச் மாதத்தோடு முடிகிற ஒன்று. அதை எதிர்பார்த்தே பல இந்தியக் கம்பெனிகள் முன்கூட்டியே தயாராயின. போட்டிக்குப் பயந்து பழைய கம்பெனியும் 2025 நவம்பரிலேயே வீகோவி விலையைக் குறைத்தது. விலை இறங்குவது நல்லதுதான். ஆனால் மாதம் ஆயிரம் இரண்டாயிரம் என்று வந்தாலும், வருஷக்கணக்கில் கொடுக்க வேண்டிய ஆயிரம் அது. முதல் ஊசி போடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட வேண்டும். டாக்டரும் அன்றைக்கே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. பத்தாவது மாதத்தில் சொல்வது முறை அல்ல.

மற்ற நாடுகளிலும் இந்தத் தலைவலி இருக்கிறது. பிரிட்டனில் அரசாங்க மருத்துவத்தில் வீகோவியை இரண்டு ஆண்டுவரைதான் கொடுக்கலாம் என்று 2023-ல் விதி செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில், இந்த மருந்துகளை நீண்ட காலம் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையோடு சிபாரிசு செய்தது. நீண்ட காலப் பத்திரம் பற்றி இன்னும் விவரம் வேண்டும், விலை அதிகம், ஏழைகளுக்கு எட்டவில்லை என்பவை அதன் தயக்கங்கள். 2030-ம் ஆண்டிலும், தேவைப்படுகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இது கிடைக்காது என்பது அதன் மதிப்பீடு.

தொடர்கிறவர்கள் கவனிக்க

அளவைக் குறைக்கலாமா, பத்து நாளுக்கு ஒன்று போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. டாக்டர் பார்த்துச் செய்யலாம். நாமாகச் செய்யக்கூடாது. இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு, பழைய பெரிய அளவையே மறுபடி போட்டால் வாந்தி பிடுங்கி எடுத்துவிடும். கீழ்ப் படியிலிருந்து ஏற வேண்டி வரலாம்.

இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஊசியை விட்டபின் திரும்பி வருவதில் பெரும் பகுதி கொழுப்பு. ஆகையால் பசி இல்லாவிட்டாலும் முட்டை, மீன், பயறு, பருப்பு தட்டில் இருக்க வேண்டும். பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் அதற்குப் பஞ்சம் இல்லை. நடையோடு, கொஞ்சம் கனம் தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள், செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். வீட்டில் யாருக்காவது ஒரு வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்திருந்தால், இந்த ஊசிகள் ஆகாது. கணையம் வீங்கியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தாங்கமுடியாத வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் மறந்துவிடக்கூடாது. பிரிக்காத ஊசியைப் பிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவிடக்கூடாது. பிரித்த பேனாவை வெளியே வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 30 டிகிரி வரைக்கும்தான். சித்திரை, வைகாசியில் விருதுநகரில் எந்த அலமாரி 30 டிகிரியில் இருக்கிறது? பஸ்ஸில் மதுரையிலிருந்து வாங்கி வருகிறவர்கள் ஐஸ் பெட்டி கொண்டுபோவது நல்லது.

2024 ஜூனில், போலி ஓசெம்பிக் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. பிரேஸில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் அது பிடிபட்டிருந்தது. மருந்து மலிந்து, கம்பெனிகள் பெருகும்போது போலியும் நுழையப் பார்க்கும். தெரிந்தவர் கொடுத்தார், செல்போனில் சொல்லி வாங்கினேன் என்று இருக்கக்கூடாது. டாக்டர் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போய், ரசீது வாங்கி, பெட்டியில் உள்ள எண்ணும் பேனாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.