ஓரெழுத்து செய்த கேடு

ஆங்கிலத்தில் 'ரைட்' என்பது ஒரு சொல், பொருளோ பல. வலப்புறமும் அது, பிழையின்மையும் அது, மாந்தன் ஒவ்வொருவனுக்கும் பிறரால் மறுக்கவியலாதவாறு உரியதும் அதுவே. சப்பானியர் முதலதை 'மிகி' என்பர். இரண்டாவதைத் 'தடசீ' என்பர். இரண்டும் அவர்தம் பழஞ்சொற்கள். மூன்றாவதற்கோ அவர்களிடம் சொல்லில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மேலைநூல்களைப் பெயர்க்கப் புகுந்த அறிஞர் அங்கேதான் இடர்ப்பட்டனர்.

புகுசாவா யுகிச்சி முதலில் 'த்சூகி' என்றார். எங்கும் செல்லும் நேர்மை என்பது அதன் கருத்து. பின்னர்க் 'கென்ரி' எனவும் எழுதினார். சப்பானியர் ஆளும் சீனவெழுத்து ஒவ்வொன்றும் தனிப்பொருள் தருவதன்றோ? அவர் எழுதியவை ஆற்றல், முறை என்னும் ஈரெழுத்துகள். ஆனால், 1864-இல் சீனத்தில் பெயர்க்கப்பெற்று மறுஆண்டே சப்பானிற் பதிப்பான நாட்டிடைச் சட்டநூல் வழியாக மற்றொரு 'கென்ரி' புகுந்தது. ஒலி ஒன்றே, இரண்டாம் எழுத்து மட்டும் 'முறை' நீங்கி 'ஊதியம்' ஆயிற்று! 1889-ஆம் ஆண்டின் அரசியற் சட்டத்தில் ஏறியதும், இன்று வழங்குவதும் இதுவே.

வலியவன் தன் ஊதியத்திற்காகப் பற்றுவது என்றே அவ்வெழுத்துகள் கண்ணுக்குக் காட்டுகின்றன. அறத்தின்பாற்பட்ட கருத்தொன்று வணிகன் கணக்கேட்டுச் சொல்லாயிற்று. உரிமை கேட்போன் தன்னலம் கேட்போனாகத் தோன்ற இதுவும் ஒரு வழியன்றோ? புகுசாவாவின் எழுத்தே நிலைத்திருக்க வேண்டும் என்பது எம் துணிபு.

நமக்கோ இவ்விடர்ப்பாடே இல்லை. 'உரி' என்னும் வேரில் ஆற்றலுமில்லை, ஊதியமுமில்லை. இன்னார்க்கு இது சேர்ந்தது என்னும் முறையே உண்டு. இருந்தும், நம் ஆவண எழுத்தர் நிலவிற்பனைத் தாளில் 'பாத்தியதை' என்றே இன்னும் எழுதிக் கொண்டிருக்கின்றனர். கையொப்பமிடும் தமிழனும் வாய்திறந்து கேட்பதில்லை.