வேர் இருக்கும் வரை

கடையிற் செடி வாங்கும்போது நமக்குண்டாகும் ஆசை, மறுமாதம் அதனைப் பேணும்போது இருப்பதில்லை. இது பலருக்கும் பொதுவான குணம். நாமும் அதற்கு விலக்கல்ல.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஹட்டன் கடைத்தெருவிலே ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கினோம். முதலில் அன்பு மிகுந்து, காலையும் மாலையும் நீர் வார்த்தோம். வெளியே தென்மேற்குப் பருவமழை. உள்ளே சாடியின் கீழ்த்தட்டிலும் நீர் தேங்கி நின்றது. பின்னர்ப் பரீட்சைத் தாள்கள் குவிந்தன, கன்றை மறந்தோம். மீண்டும் பார்த்தபோது இலையெல்லாம் மஞ்சளித்து உதிர்ந்து, வெறுங்குச்சியே நின்றது.

அதனைக் குப்பையிற் போடக் கொண்டு செல்கையில், அயல்வீட்டு மூதாட்டி வழிமறித்தார். பல்லாண்டுகள் கொழுந்து பறித்த கை அவருடையது. நகத்தால் பட்டையைச் சற்றே கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது. “வேரு சாகலீங்க ஐயா. கவ்வாத்து வெட்டி விடுங்க” என்றார்.

கவ்வாத்து! மலையகத்துப் பிள்ளைகள் அறியாத சொல்லா? 4 அல்லது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டிவிடுகின்றனர். வேரில் சேர்ந்துள்ள மாச்சத்தைக் கொண்டே அது மீண்டும் துளிர்க்கிறது. மலைமுழுதும் கண்டதை நாம் ஒரு சாடியிற் காணத் தவறினோம்.

கன்றைச் சாடியினின்று எடுத்தோம். கருத்துக் குழைந்த வேர்களை நீக்கி, வெண்மையானவற்றை விட்டோம். கீழே துளையுள்ள சாடியில் மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணிட்டு நட்டு, உலர்ந்த நுனியை வெட்டி, வெயில் படும் சன்னலருகே வைத்தோம். கறிவேப்பிலை வெப்பத்தை விரும்புவது. குளிரில் அதன் வளர்ச்சி தளரும். அப்பொழுது மிகுதியாக நீர் விடுவதே அதற்கு நஞ்சு. விரலிட்டுப் பார்த்து, மேல்மண் உலர்ந்த பின்னரே நீர் விட்டோம். துளிர் காணும்வரை உரமிடவில்லை. இரண்டு மாதம் ஒன்றும் நிகழவில்லை. ஐப்பசியில் இரு துளிர்கள் எட்டிப் பார்த்தன.

ஏனையவற்றுக்கும் வழியுண்டு. வாடிய புதினாவின் கீழிலைகளைக் களைந்து தண்டை நீரில் வைத்தால், ஓரிரு வாரங்களில் வேர்விடும். கற்பூரவள்ளியின் கிளையை ஒடித்து மண்ணில் ஊன்றினாலே போதும். துளசியின் பூங்கதிரைக் கிள்ளினால் பக்கக்கிளை தழைக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை மாசி மாதங்களில் உறைபனி விழும் இரவுகளில் துளசியை வீட்டினுள் எடுத்து வைத்தல் நன்று. பட்டையைக் கீறும்போது அடிவரை பழுப்பாயிருந்து, வேரும் குழைந்திருந்தால் மட்டுமே கைவிடலாம்.

மாணவரே, நாம் வகுப்பறையிலே வேரின் இயல்பை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். எனினும் கன்றைக் காத்தது நம் படிப்பன்று. கொழுந்துக் கூடை சுமந்தவரின் அனுபவம். உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒரு பாட்டி இருக்கக்கூடும். செடியை எறியுமுன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கைவிட எண்ணும்போது, நாமும் இனி முதலில் பட்டையைக் கீறிப் பார்ப்போம்.