சுத்தியலா, சிந்தனையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"வேதியியல் படித்து என்னப்பா செய்யப் போகிறாய்?" என்று கேட்போர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவனிடம் இக்கேள்வி சற்று அழுத்தமாகவே கேட்கப்படும். இதற்கு விடை, துருவேறி நிற்கும் ஒரு பழைய காரின் சக்கரத்திலேயே இருக்கிறது என்பேன்.

பல மாதம் ஓடாமல் நின்ற காரில் பிரேக் டிஸ்க், ஹப்போடு ஒட்டிக்கொள்கிறது. உடனே பெரிய சுத்தியலைத் தேடுகிறோம். ஏன் ஒட்டியது என்று எண்ணிப் பார்க்கிறோமா? இரும்போடு நீரும் ஆக்சிஜனும் சேரத் துரு உண்டாகிறது. அது, தான் அரித்த இரும்பைவிட அதிக இடம் கொள்வது. மயிரிழை இடைவெளியில் பருத்து, ஆப்புப் போல இறுகிவிடுகிறது. காரணம் தெரிந்தால் வழியும் தெரியுமன்றோ?

மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும். கழற்றிய காலிப்பர் ரப்பர் குழாயில் தொங்கலாகாது. கம்பியால் கட்ட வேண்டும். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூவை நீக்கி, ஹப் விளிம்பில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருக்க வேண்டும். பல டிஸ்க்குகளில் மரையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால், டிஸ்க் மெல்ல நகர்ந்து வெளியே வரும். ஹப்பில் துருவை மிச்சம் வைத்தால் புது டிஸ்க் கோணலாக அமரும்; பிரேக் உதறும். டிஸ்க்கின் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, பிரேக்கே பிடிக்காது. இது உயிர்ப் பிரச்சினை.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் உள்ளது. உலோக அரிமானத்தை ஆராயும் அத்தகைய நிலையம் இருக்கும் ஊரிலேயே, பட்டறைத் தோழருக்குத் துருவின் இயல்பைச் சொல்ல ஆளில்லை என்றால் அது யார் குறை? படித்த நம் குறையே!

ஆண்டுக்கு ஒரு நாளாவது நம் வேதியியல் துறை பட்டறைத் தொழிலாளரை ஆய்வகத்திற்கு அழைக்கட்டும். துரு பிடிப்பது ஏன் என்று நாம் சொல்வோம். பிடித்ததைக் கழற்றும் கைப்பக்குவத்தை அவர்கள் நமக்குச் சொல்லட்டும். தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் அறிவும், பயன்படாத இரும்பைப் போலத் துருப்பிடிக்கும் அல்லவா?