பல்லேகலைக்குப் போகும் முதல் பஸ்

மஹியாவையில் என் பிள்ளைப் பிராயத்து விடியற்காலங்கள் யாவும், ஈர்க்கு விளக்குமாற்றின் அடியை வாசற்படியில் தட்டி இறுக்கும் சத்தத்தோடுதான் புலர்ந்தன. கண்டி நகரத்து வீதிகளைக் கூட்டுவதற்கென்றே பிரித்தானியர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் சந்ததியினர் நாங்கள். பெரஹரா முடிந்த இரவில், யானைகள் நடந்துபோன வீதியைப் பொழுது விடிவதற்குள் சுத்தம் செய்துவிட்டு வரும் என் தந்தை, ஒற்றை அறையில் ஏழு பேர் நெருக்கிப் படுத்திருப்பதைப் பார்த்து, எவரையும் எழுப்ப மனமின்றித் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். அந்த அறையில் சுவாமி படத்துக்குப் பின்னால், எங்கள் பிறப்புப் பத்திரங்களோடு சேர்த்து, அவருடைய தொழிற்சங்கச் சந்தா ரசீதுகளும் நூல் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர் ஒவ்வொரு காகிதத்துக்காகவும் அலைக்கழிக்கப்பட்ட ஒரு சமூகத்தில், அவ்விரண்டும் ஒரே கட்டில் இருந்ததன் தாற்பரியம் எனக்கு வெகு காலம் கழித்தே விளங்கிற்று.

தொழிலாளர் இயக்கத்தைக் கொழும்பில் ஊன்றிய ஏ. ஈ. குணசிங்க 1891இல் பிறந்தது கண்டியில். அவரோடு தோள்கொடுத்து நின்றவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசையர். இந்தியத் தொழிலாளரை அந்நியராகக் காணும் மனோபாவம் அவ்வியக்கத்தில் தலையெடுத்தபோது அந்த உறவு முறிந்தது. ஐயர் மலைநாட்டை நாடிச் சென்று 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தார். ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில், கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனை இன்றும் தோட்டங்களில் நினைவுகூருகிறார்கள்.

இத்தனை பிராணத் தியாகமும் பிரயாசையும் கொண்டு வளர்ந்த சங்கம், மலையிலிருந்து இறங்கிப் பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தின் வாயிலோடு நின்றுவிட்டது என்பதே என் மனத்தாங்கல். தோட்டத்தில் சந்தாக்காரரின் மகளாகப் பிறந்த பெண், தையல் மெஷினுக்கு முன் அமர்ந்ததும் நாதியற்றவளாகிறாள். என் தங்கை மகள் அத்தகையதோர் ஆலைக்குத்தான் முதல் பஸ்ஸில் போகிறாள். "ஒரு நாள் காய்ச்சல்ல படுத்தா அந்த மாசத்து வருகைப்படி முழுசும் போயிரும் மாமா" என்றாள். டார்கெட் முடியாத நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாளாம்; கழிவறைக்கு எழுந்தால் துண்டுகள் மேசையில் குவிந்துவிடும்.

சட்டம் இல்லாமலில்லை. சங்கமொன்றைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஆனால் அச்சங்கத்தோடு நிர்வாகம் பேசியே தீரவேண்டுமானால், யாருக்காகப் பேசுகிறதோ அத்தொழிலாளரில் 40 சதவீதத்தினர் அங்கத்தவராக இருக்கவேண்டுமென்கிறது 1999ஆம் ஆண்டுத் திருத்தம். மேன்பவர் ஏஜென்சி மூலம் இன்று ஓர் ஆலைக்கும் நாளை வேறோர் ஆலைக்கும் அனுப்பப்படும் பெண்களை வைத்துக்கொண்டு அந்த எண்ணிக்கையை எங்ஙனம் எட்டுவது? அந்த வரம்பைத் தளர்த்த வேண்டியது பாராளுமன்றத்தின் கடமை. தோட்டத்துச் சந்தாவினால் வளர்ந்த பெருஞ்சங்கங்களோ, அதற்காகக் காத்திராமல், ஷிப்ட் முடியும் வேளையில் பல்லேகலை பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நிற்கவேண்டும். வருகிறவர்கள் தமிழ்ப் பிள்ளைகளை மாத்திரம் தேடி வருவார்களாயின், குணசிங்க – நடேசையர் காலத்துப் பிளவே அங்கும் மீளும்.

ஏழு பேர் போதுமென்று நான் சொன்னபோது தங்கை மகள் சற்றுநேரம் மௌனமாயிருந்து, பின் விரல் மடக்கினாள். முதல் விரலுக்கு அவள் சொன்னது, பக்கத்து மெஷினில் தைக்கும் சிங்கள அக்காவின் பெயர்.